கலங்கல் கடலில் கிட்டப் போதல்

யாழ்ப்பாணத் தீவகத்தில் மண்கும்பானிலோ சாட்டியிலோ கடலில் இறங்கி முகக்கண்ணாடிக்குள்ளால் பார்க்கும் எவருக்கும் முதல் நிமிடத்திலேயே ஒன்று தெரிந்துவிடும். வெளிச்சம் பச்சையாக இருக்கிறது, துகள்கள் மிதக்கின்றன, நாலைந்து மீற்றருக்கு அப்பால் எதுவும் பிடிபடுவதில்லை. பயண விளம்பரங்களில் வரும் நீலக்கடலை இங்கே தேடிப் பயனில்லை. அதனால் நீருக்கடியில் படம் எடுக்க ஆசைப்படும் தீவகத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைக்கக்கூடிய அறிவுரை, திருகோணமலைக்குப் போ, புறாத்தீவுக்குப் போ என்பதுதான். இந்த இயல் அதற்கு மாறான ஒன்றைச் சொல்கிறது. இந்தக் கடலில் படம் எடுக்கலாம், நல்ல படமே எடுக்கலாம். ஆனால் தெளிந்த கடலுக்கென்று வகுக்கப்பட்ட முறைகளை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கக்கூடாது. கமராவுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தண்ணீரைக் குறைப்பதே இங்கே முதல் விதி. எந்த மாதம், எந்த நேரம், எந்தக் கமரா, எப்படி மிதப்பது என்ற மற்றக் கேள்விகளுக்கான விடைகளும் அதிலிருந்தே பிறக்கின்றன.

காரணம் ஒரு எளிய கணக்கு. தண்ணீருக்குள் ஒரு பொருள் கண்ணிலிருந்து மறையும் எல்லையில், பின்னணியிலிருந்து அது பிரிந்து தெரியும் அளவு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்திருக்கும் என்று ஒளியியலில் வழக்கமாகக் கொள்வார்கள். அந்தக் குறைவு தூரத்தோடு நேராகப் போவதில்லை. அந்தத் தூரத்தின் முதற்பகுதியிலேயே பெரும்பங்கு போய்விடும். கண்ணுக்கெட்டும் தூரம் 4 மீற்றராக உள்ள ஒரு கடலையும் 20 மீற்றராக உள்ள ஒரு கடலையும் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2 மீற்றர் தள்ளி நிற்கும் மீனின் தெளிவில் கலங்கல் கடலில் 14 வீதம் மிஞ்சும், தெளிந்த கடலில் 68 வீதம் மிஞ்சும். ஏறத்தாழ ஐந்து மடங்கு வித்தியாசம். அதே மீனுக்கு 40 சென்ரிமீற்றர் கிட்டப் போனால் இங்கே 68 வீதம், அங்கே 92 வீதம். 20 சென்ரிமீற்றரில் இங்கே 82, அங்கே 96. வேறு விதமாகச் சொன்னால், தீவகத்துக் கடலில் 40 சென்ரிமீற்றரில் எடுத்த படமும் தெளிந்த கடலில் 2 மீற்றரில் எடுத்த படமும் தெளிவில் ஒன்றே. கண்ணுக்கெட்டும் தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்று எடு என்ற நடைமுறை விதியை இதிலிருந்தே பெறலாம். இறங்கியதும் நண்பரின் கையை, அல்லது கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டொன்றைப் பார்த்தபடி பின்னால் போய், அது மறையும் தூரத்தை மதிப்பிட்டுக்கொள்ளுங்கள். அன்றைய நாளின் படத்தூரம் அதில் பத்தில் ஒன்று.

நிறத்துக்கும் இதே கணக்குத்தான். சிவப்பை நீர் விரைவாக விழுங்கிவிடும். முதல் 5 மீற்றருக்குள்ளேயே அதன் பெரும்பகுதி போய்விடுகிறது. பலரும் இதை ஆழத்தின் விஷயமாக மட்டும் எண்ணுகிறார்கள். ஒளி மேற்பரப்பிலிருந்து பொருளுக்கு இறங்குவதோடு, பொருளிலிருந்து கமராவுக்கும் தண்ணீரூடாகவே வருகிறது. 2 மீற்றர் ஆழத்தில் கிடக்கும் சிவந்த கடற்பஞ்சை 3 மீற்றர் தள்ளி நின்று எடுத்தால் ஒளி கடந்த வழி 5 மீற்றர். 30 சென்ரிமீற்றரில் எடுத்தால் 2.3 மீற்றர். ஆழத்தில் கூடுதலாக ஒரு சாணும் இறங்காமலேயே அந்தச் சிவப்பை நாம் இழக்கலாம் அல்லது மீட்கலாம். இன்னொன்றையும் மனத்தில் வைத்திருங்கள். தட்டையான கண்ணாடியூடாகப் பார்க்கும்போது நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உள்ள தூரத்தின் முக்கால் பங்கில் இருப்பதாகவும் தெரியும். 60 சென்ரிமீற்றரில் இருப்பதாக நினைக்கும் முருகைக்கல் உண்மையில் 80 சென்ரிமீற்றரில் இருக்கிறது. கிட்டப் போய்விட்டோம் என்று தோன்றும்போதும் இன்னும் கிட்டப் போக இடம் இருக்கிறது.

கடல் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் காலத்தைத் தேர்வது இலகு. பாக்கு விரிகுடா மிக ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீற்றரைத் தாண்டாது. அடியில் மணலும் சேறும். காற்று எழுந்தால் அலை அடிவரை தொட்டு அதைக் கிளப்பிவிடும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகமும் கச்சானும், கார்த்திகையிலிருந்து தை வரை வாடையும் மழையும். இரண்டுக்கும் நடுவே மாசிக் கடைசி தொடங்கிச் சித்திரை வரை உள்ள அமைதிதான் உங்களுடைய காலம். சோளகம் ஓய்ந்து வாடை தொடங்கும் முன் ஐப்பசியில் சில நாள்கள் கிடைக்கும். நாளுக்குள் பார்த்தால் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. சூரியன் போதிய உயரத்துக்கு வந்திருக்கும், ஒளி மேற்பரப்பில் தெறித்துப் போகாமல் உள்ளே இறங்கும், கடற்காற்று இன்னும் வலுத்திருக்காது. காலை ஆறு மணிக் கடல் கரையிலிருந்து பார்க்கக் கண்ணாடிதான். உள்ளே வெளிச்சம் போதாது. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் அரை மீற்றரளவுதான் என்றாலும், பெருக்கு நேரத்தைத் தெரிந்தெடுங்கள். முருகைக்கல்லுக்கு மேலே மிதக்க அந்த அரை மீற்றர் தேவை.

தெளிந்த நீர் இல்லாத இடத்தில் படம் எடுக்க என்னதான் இருக்கும் என்பது அடுத்த ஐயம். யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்த முருகைக்கற்பார்கள் பற்றி 2021இல் வெளியான ஆய்வொன்று, இலங்கையில் அதுவரை பதிவாகாத 36 முருகை இனங்களை மரபணுச் சோதனையால் உறுதிப்படுத்தியது. ஒரு நாட்டின் கடல்வாழ் பட்டியலில் இத்தனை இனங்கள் அண்மைக்காலம் வரை விடுபட்டிருந்தன என்றால், பார்க்க ஒன்றுமில்லாத கடல் என்ற பேச்சு நிற்காது. கலங்கலையும் படியும் மண்ணையும் தாங்கக்கூடிய, உருண்டை திரண்ட முருகைகள் இக்கடலுக்கு ஏற்றவை. அவற்றின் அழகு மான்கொம்பு போலக் கிளைவிடும் அக்ரோபோராவின் அழகைப் போலத் தூரத்தில் தெரிவதில்லை. ஒரு கவசவாகனம் போன்ற பழுப்புக் கல் என்று விட்டுவிட்டுப் போகத்தான் தோன்றும். ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தால், அதன் மேல் முழுக்க விரலகலக் கிண்ணங்கள், ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் நடுவை நோக்கி ஓடும் மெல்லிய தகடுகள். அடுத்தடுத்த கிண்ணங்கள் இரண்டும் ஒரே சுவரைப் பங்கிட்டிருந்தால் அது ஃபேவைட்டஸ். ஒவ்வொன்றுக்கும் தனிச்சுவரும் சுவர்களுக்கிடையே ஒரு சிறு பள்ளமும் இருந்தால் டிப்சாஸ்ட்ரியா. பகலிலும் நீண்ட பூப்போல விரிந்து அசையும் ஒன்றைக் கண்டால் அதன் உணர்கொம்புகளை எண்ணுங்கள்: 24 என்றால் கோனியோபோரா, 12 என்றால் அல்வியோபோரா. இவற்றில் எதுவும் 2 மீற்றர் தூரத்துப் படத்தில் தெரியாது. இந்தக் கடல் நம்மை எந்தத் தூரத்துக்குத் தள்ளுகிறதோ, அதே தூரத்தில்தான் இதன் முருகைகள் தங்களைக் காட்டுகின்றன. கடலுக்குப் போகாமலே இதற்குப் பயிற்சி எடுக்கலாம். நெடுந்தீவில் வளவுகளைச் சுற்றி அடுக்கியிருக்கும் முருகைக்கல் வேலிகளில் இந்தக் கிண்ணங்களும் சுவர்களும் எலும்புக்கூடாக அப்படியே இருக்கின்றன. இறங்குமுன் அந்த வேலிக்கு முன் கமராவோடு அரை நாள் நில்லுங்கள்.

இலங்கைக் கடலுக்கடியின் காட்சி வரலாறு பழையது. ஆனால் அதில் வடக்கு மிகக் குறைவு. 1860களின் நடுவில் ஒஸ்திரிய ஓவியர் ரான்சொனே காலித் துறைமுகத்தில் ஒரு சுழியோட்டக் கூண்டை இறக்கி, அதற்குள் இருந்தபடியே கடலடியை வரைந்தார். பிரான்ஸில் லூயி பூத்தான் 1893இல் நீருக்கடிப் படம் எடுக்கத் தொடங்கியதற்கும் ஏறக்குறைய முப்பது ஆண்டு முந்தியது அது. 1956இல் இலங்கைக்கு வந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் தெற்கிலும் திருகோணமலையிலும் சுழியோடினார்கள். வில்சன் இயக்கிய ‘ரன்முத்து துவ’ படத்தின் நீருக்கடிக் காட்சிகளை 1962இல் நாடே பார்த்தது. கமராவும் சிலிண்டரும் சாதாரண மக்களின் கைக்கு எட்டத் தொடங்கிய காலத்தில் வடகடல் போருக்குள் மூடிக்கிடந்தது. இதன் பொருள் இக்கடலின் அடியை யாரும் அறியார் என்பதல்ல. சங்கு குளிப்பவர்களும் கடலட்டை பிடிப்பவர்களும் எந்தப் பார் எங்கே கிடக்கிறது, எந்தத் திசைக் காற்றுக்கு எது கலங்கும், எது தெளியும் என்று தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது படம் மட்டுமே. எனவே எந்த வரைபடத்தையும்விட முதலில் தேட வேண்டியது ஒரு நல்ல சுழியோடியின் துணையை. அவருக்குக் கூலி கொடுங்கள், எடுத்த படங்களையும் கொடுங்கள்.

இனிக் கமரா. கிட்டப் போவதுதான் விதி என்று ஒத்துக்கொண்டால் செலவு வெகுவாகக் குறைகிறது. நெடுந்தூரக் காட்சிக்குத் தேவையான பெரிய கமராவும் அதற்கு இலட்சக்கணக்கில் செலவாகும் நீர்புகாப் பெட்டியும் இங்கே தேவைப்படுவதில்லை. ஒலிம்பஸ் டஃப் டிஜி வகைச் சிறு கமராக்கள் பெட்டியில்லாமலே 15 மீற்றர் வரை தாங்கும். லென்ஸிலிருந்து ஒரு சென்ரிமீற்றரில் உள்ளதையும் கூர்மையாகப் பிடிக்கும். பாக்கு விரிகுடாவின் ஆழத்துக்கும் கலங்கலுக்கும் ஏற்ற கருவி அது. பழையதாக வாங்கினால் மூடியின் ரப்பர் வளையத்தை முதலில் பாருங்கள். ஒரு மணற்துகளோ தலைமயிரோ கிடந்தால் கமரா அன்றோடு போய்விடும். கோப்ரோ போன்றவை வீடியோவுக்கு நல்லவை, ஆனால் 30 சென்ரிமீற்றருக்குள் உள்ளது மங்கும். எனவே சிற்றுயிர்களுக்கும் முருகைக் கிண்ணங்களுக்கும் உதவாது. கைத்தொலைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு இறங்குவதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. உறை கசிவது ஒருபுறம், நனைந்த திரை தொடுகையை உணராது என்பது மறுபுறம்.

வெளிச்சத்தில்தான் தொடக்கக்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கமராவோடு ஒட்டிய பிளாஷைப் போட்டால் இடையிலுள்ள துகள்கள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தை நிறைத்துவிடும். மார்கழிப் பனிமூட்டத்தில் வாகனத்தின் பெரிய விளக்கைப் போட்டால் வீதி மறைந்து பனி மட்டும் ஒளிர்வது போலத்தான். எனவே 3 மீற்றர் ஆழத்துக்குள் பிளாஷை அணைத்துவிட்டு, சூரியனை முதுகுக்குப் பின்னோ தோளுக்குப் பின்னோ வைத்து எடுங்கள். ஆழம் கூடினால் ஒரு சிறிய டோர்ச்சைக் கமராவிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் பிடித்து, ஒளிக்கற்றையின் ஓரம் மட்டும் பொருளில் படும்படி வெளிப்புறமாகத் திருப்புங்கள். கமராவுக்கு முன்னாலுள்ள தண்ணீரில் ஒளி விழாது, துகள்களும் தெரியா. வெண்சமநிலையை ஒவ்வொரு ஆழத்திலும் வெள்ளைத் தட்டைக் காட்டிச் சரிசெய்யுங்கள். கமரா அனுமதித்தால் ‘ரோ’ வடிவில் பதியுங்கள்.

எல்லாவற்றையும் கணினியில் சரிசெய்துவிடலாமே, ஏன் இவ்வளவு பாடு என்பது நியாயமான கேள்வி. மென்பொருள்கள் மிகவும் முன்னேறிவிட்டன என்பதை மறுக்க முடியாது. 2019இல் தெரியா அக்கைனாக்கும் தலி டிரைபிட்ஸும் வெளியிட்ட ‘சீ-த்ரூ’ முறை, தண்ணீர் தின்ற நிறத்தைக் கணக்குப் போட்டு மீட்கும் திறனைக் காட்டியது. ஆனால் அந்தக் கணக்குக்கு வேண்டிய முதல் விபரமே ஒவ்வொரு புள்ளியும் கமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான். அதோடு எந்தக் கணக்கும் பதிவான ஒளியைத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். 14 வீதத் தெளிவோடு வந்த படத்தை இழுத்து உயர்த்தினால் கூடவே இரைச்சற் புள்ளிகளும் உயரும். 68 வீதத்தோடு வந்த படத்துக்கு அந்த மென்பொருளே அதிகம் தேவைப்படாது. பச்சையை முழுவதும் துடைத்து நீலமாக்குவதும் வேண்டாத வேலை. நீரில் நிறைந்த நுண்பாசிகளும் கரைந்த தாவரப் பொருள்களும் தருகிற இக்கடலின் உண்மையான நிறம் அந்தப் பச்சை. அதை மாற்றிய படம் வேறு எங்கோ எடுத்த படமாகிவிடும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாம் ஒரு சாண் தூரத்துப் படமாகவே இருந்தால் அதில் தீவகம் எங்கே? முருகைக் கிண்ணத்தின் நெருக்கப்படத்தை பிலிப்பைன்ஸிலும் எடுக்கலாம் அல்லவா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. இடத்தைக் காட்டாத ஆயிரம் நெருக்கப்படங்கள் சலிப்பைத்தான் தரும். இதற்கு வழி தூரம் போவதில் இல்லை. அகலக்கோண லென்ஸோடு கிட்டப் போவதில் இருக்கிறது. முருகைக்கல்லுக்கு 25 சென்ரிமீற்றரில் நின்று, கமராவைச் சற்றே மேல்நோக்கிப் பிடித்தால், முன்னே கல் கூர்மையாக நிற்கும். பின்னே பச்சைக் கடலும், மேலே வள்ளத்தின் அடிப்பகுதியும், ஒரு களங்கண்டி வலையின் தடியும், சாதாளைப் படுகையும் மங்கலாகத் தெரியும். மங்கல் அங்கே இடத்தின் சாட்சியாகிவிடுகிறது. மண்கும்பான், சாட்டிப் பக்கத்து மணலும் கடற்புல்லும் இதற்கு நல்ல பயிற்சிக் களம். புல்லின் அடியில் ஊரும் கடலட்டையும், மணலில் தடம் இழுத்து நகரும் உயிருள்ள சங்கும், அகலக்கோணத்தில் தம் ஊரோடு சேர்ந்து வரும்.

கிட்டப் போகச் சொல்வது முருகைகளை உடைக்கச் சொல்வதாகிவிடாதா? இதுவே எல்லாவற்றிலும் கடுமையான கேள்வி. அவுஸ்திரேலியப் பெருந்தடுப்புத் திட்டில் செய்து 2001இல் வெளிவந்த ஆய்வு, நீருக்கடிப் படக்காரர்கள் மற்றச் சுழியோடிகளைவிடக் கூடுதலாக முருகைகளைச் சேதப்படுத்துவதைக் கண்டது. சென் லூசியாவில் நடந்து 2004இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, இறங்குமுன் சொல்லும் அறிவுரையால் மட்டும் பயன் இல்லை, நீருக்குள் வழிகாட்டி குறுக்கிட்டுத் திருத்தும்போதுதான் தொடுகை குறைகிறது என்று காட்டியது. எனவே ‘கவனமாக இருங்கள்’ என்று எழுதிவிட்டு இந்த நூல் தன் கடமை முடிந்ததாக நினைக்க முடியாது. ஒழுங்கு இதுதான்: மிதக்கத் தெரிந்த பிறகே கமரா. சாட்டியில் இடுப்பளவு தாண்டிய மணற்தரையில் ஒரு சிப்பியை அடையாளமாக வைத்து, அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில், கையும் காலும் அசையாமல், மணலைக் கிளப்பாமல் ஒரு நிமிடம் நிற்கப் பழகுங்கள். ஸ்கூபாவில் மூச்சு உள்ளிழுத்தால் உடம்பு மெல்ல எழும், விட்டால் தாழும். அந்த ஏற்ற இறக்கத்தை முதலில் மணலுக்கு மேல் அறிந்துகொள்ளுங்கள். கால் துடுப்பை மேலும் கீழும் அடிக்காமல் தவளை போலப் பக்கவாட்டில் விரித்து மடக்குங்கள்; சேறு கிளம்பாது, உங்கள் படமும் கெடாது. இக்கடலில் மோசமாக நீந்துபவரை அவருடைய படமே காட்டிக்கொடுத்துவிடும் என்பது ஒருவகையில் நமக்கு வசதி. இதைக் கற்ற பிறகு, இறங்கும்போது உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவர் கூட வர வேண்டும்; உங்கள் துடுப்பு கல்லில் பட்டால் அவர் காலைத் தட்டிச் சொல்ல வேண்டும்.

அந்தத் துணை உயிருக்கும் காவல். மூச்சடக்கி இறங்குபவர் இறங்குமுன் வேகமாகப் பலதடவை மூச்சிழுத்தால், மேலே வரும் வழியில் முன்னறிவிப்பின்றி மயங்கக்கூடும். 2 மீற்றர் நீரிலும் அது உயிரை எடுக்கும். ஸ்கூபாவில் மூச்சைப் பிடித்தபடி ஒன்றிரண்டு மீற்றர் எழுந்தாலே நுரையீரல் கிழியலாம். படத்துக்காக மூச்சை அடக்கும் பழக்கம் இரண்டிலும் ஆபத்து. முறையான பயிற்சிக்குத் திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்துச் சுழியோட்டப் பள்ளிகளுக்குப் போங்கள். அந்தப் பயணத்துக்கு இது நல்ல காரணம். தீவகத்தில் இறங்கும்போது மிதவையோடு கொடி கட்டுங்கள், இயந்திர வள்ளங்கள் உங்களைக் காணட்டும். மணலில் நடக்கையில் காலை உயர்த்தி வைக்காமல் தேய்த்தபடி போனால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிவிடும். கடலட்டைப் பண்ணை வேலிக்குள்ளும் வலைகளுக்கு அருகிலும் கேட்காமல் போகவே வேண்டாம். வள்ளத்தில் புறப்படுவதானால் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கடற்படை முகாமுக்கும் முதலே சொல்லிவிடுங்கள்.

இத்தனை பாடும் வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படத்துக்காகவா என்றால், அதுவும் நல்ல காரணந்தான். ஆனால் இக்கடலுக்கு அதைவிடப் பெரிய தேவை இருக்கிறது. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவ உட்பட இலங்கையின் ஆழமற்ற முருகைகள் பெருவாரியாக வெளிறி மடிந்தன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. வெளிறிய முருகை செத்த முருகை அல்ல. கிண்ணத்துக்குள் கண்ணாடி போன்ற தசையும் உணர்கொம்பும் இன்னும் இருந்தால் அது பிழைக்கலாம். வெறும் தகட்டின் மேல் பாசிப்படலம் ஏறியிருந்தால் அது முடிந்தது. இந்த வேறுபாடும் கிட்டத்துப் படத்தில்தான் தெரியும். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது; இழுவைப் படகுகள் இரவில் வந்து போன அடி மறுநாள் எப்படி இருக்கிறது என்று காட்டும் படங்கள் மீனவரின் முறைப்பாட்டுக்கு வலுச்சேர்க்கும். 2021இல் நெடுந்தீவுக்கு அப்பால் மீன் பெருகட்டும் என்று பழைய பேருந்துகளைக் கடலில் இறக்கினார்கள். அவற்றின் தகரத்தில் முருகை பிடித்ததா, துரு மட்டுமே பிடித்ததா என்பதை ஆண்டுதோறும் அதே கோணத்தில் எடுக்கும் படங்களே தீர்க்கும். அதுவரை இதை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் நம்பிக்கையைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் ஒவ்வொரு பயணத்திலும் குறைந்தது ஒரு கல்லையாவது உங்களுடையதாக்குங்கள். பங்குனியில் எடுத்த அதே கல்லை, அதே பக்கத்திலிருந்து, அதே தூரத்தில், சித்திரைக் கடைசியில் சூடு உச்சத்தில் இருக்கும்போது மறுபடியும் எடுங்கள். பக்கத்தில் சென்ரிமீற்றர் குறித்த ஒரு தட்டைப் பிடியுங்கள். கல்லின் மேல் வைக்க வேண்டாம். கமராவின் திகதியும் நேரமும் சரிதானா என்று இறங்குமுன் பாருங்கள். கரைக்கு வந்ததும் இடம், ஆழம், கண்ணுக்கெட்டிய தூரம், காற்று ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, திருத்தாத மூலப்படத்தை அதே பெயரில் சேமித்து வையுங்கள். முருகைக்கல்லை உடைப்பதும் எடுத்துச் செல்வதும் சட்டப்படி குற்றம், ஞாபகப்பொருளாக ஒரு துண்டைக்கூட எடுக்க வேண்டாம். இனம் பிரித்தறிய உதவிக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல், கடற்றொழில் துறையினரையோ நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவையோ அணுகலாம். படத்தைப் பகிரும்போது கடற்குதிரை, சங்கு, கடலட்டை ஆகியவற்றின் இடக்குறியீட்டை மட்டும் நீக்கிவிடுங்கள். அவற்றைத் தேடி வருபவர்கள் எல்லோரும் கமராவோடு வருவதில்லை.